ப்ராடக்ட் மேனேஜரை எடுப்பதும் வளர்ப்பதும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னையில் சாஃப்ட்வேர் ப்ராடக்ட் செய்யும் கம்பெனிகளில் பதினான்கு வருடமாக இருக்கிறேன். வாடிக்கையாளர் சப்போர்ட்டில் தொடங்கி, பிஎம் (ப்ராடக்ட் மேனேஜர்) ஆகி, இப்போது பிஎம்களை எடுத்து வளர்ப்பதே பாதி வேலையாகிவிட்டது. சின்ன கம்பெனி நடத்துபவர்கள், பிஎம் ஆக ஆசைப்படும் டெவலப்பர்கள், புதிதாக ஒரு டீமைக் கையில் எடுத்தவர்கள் என்று பலரும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. இருபது பேரிலிருந்து முந்நூறு பேர் வரை வேலை செய்யும், மாதச் சந்தாவுக்கு சாஃப்ட்வேர் விற்கும் கம்பெனிகளை மனதில் வைத்துத்தான் பதில் எழுதியிருக்கிறேன். ஆயிரக்கணக்கில் ஆள் இருக்கும் இடத்தில் சில பதில்கள் செல்லாது.

பிஎம் என்பவர் நாள் முழுக்க என்னதான் செய்கிறார்?

இதை என் அம்மாவுக்குப் புரியவைக்க நான் பட்ட பாடு கொஞ்சமல்ல. "நீ கோடும் எழுதல, விக்கவும் போகல, அப்ப எதுக்குடா சம்பளம்?" என்றார். நியாயமான கேள்விதான்.

பத்து டெவலப்பர்களின் ஒரு மாத உழைப்பு எதில் போகிறது என்பது பெரிய பணம். வாடிக்கையாளர்கள் ஐம்பது விஷயம் கேட்பார்கள். சேல்ஸ் இருபது கேட்கும். நிறுவனருக்குக் காலையில் குளிக்கும்போது இரண்டு தோன்றும். இவற்றில் எந்த மூன்றைச் செய்தால் பிரயோஜனம் என்று கண்டுபிடிக்க வேண்டும். ஏன் அந்த மூன்று என்று எல்லோருக்கும் புரியும்படி எழுத வேண்டும். செய்து முடித்த பிறகு அது பலித்ததா என்று திரும்பிப் போய்ப் பார்க்க வேண்டும். இதற்குத்தான் சம்பளம். மீட்டிங், ரோட்மேப் (எதை எப்போது செய்வோம் என்ற திட்டம்), டாக்குமென்ட் எல்லாம் இதற்கான சாமான்கள்.

பிஎம்மை 'ப்ராடக்ட்டின் சிஇஓ' என்று சொல்லும் வழக்கம் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. சிஇஓ ஆளை எடுக்கலாம், அனுப்பலாம். பிஎம்முக்கு டீமில் ஒருவர்கூட ரிப்போர்ட் செய்வதில்லை. கல்யாண வேலையை முன்னின்று பார்க்கும் தாய்மாமன் நிலைமைதான் அவருக்கு. சமையல்காரருக்கும் மேளக்காரருக்கும் பணம் கொடுப்பவர் அவரில்லை. ஆனாலும் சாம்பாரில் உப்பு குறைந்தால் பந்தி மொத்தமும் அவரைத்தான் தேடும்.

இப்படி ஒரு வேலை எங்கிருந்து வந்தது?

சோப்பிலிருந்து வந்தது. அமெரிக்காவில் சின்சினாட்டி நகரத்து ப்ராக்டர் அண்ட் கேம்பிள் கம்பெனியில் கேமே என்ற சோப்பின் விளம்பரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவர் நீல் மெக்எல்ராய். அதே கம்பெனியின் ஐவரி சோப்புக்குக் கிடைத்த கவனம் கேமேவுக்குக் கிடைக்கவில்லை. 1931 மே 13 அன்று அவர் மேலிடத்துக்கு ஒரு மெமோ எழுதினார். கூடுதல் ஆள் வேண்டும் என்று கேட்கப்போனவர், ஒவ்வொரு பிராண்டுக்கும் அதற்கென்றே பொறுப்பான ஒரு 'பிராண்ட் மேன்' இருக்க வேண்டும் என்று வாதாடிவிட்டார். ஆக, இந்த வேலை பிறந்ததே ஆள் கேட்டு எழுதிய ஒரு கடிதத்தில்தான். அவர் பின்னாளில் அமெரிக்காவின் பாதுகாப்பு அமைச்சராக 1957 முதல் 1959 வரை இருந்தார்.

அந்த மெமோவில் எனக்குப் பிடித்த இடம் ஒன்று உண்டு. விற்பனை மந்தமான ஊருக்கு பிராண்ட் மேன் நேரில் போக வேண்டும், காரணத்தைக் கண்டறிந்து திட்டம் போட வேண்டும், பிறகு அந்தத் திட்டம் பலன் தந்ததா என்று மறுபடி போய்ப் பார்க்க வேண்டும் என்று எழுதியிருந்தார். கடைசிப் படியை இன்றும் பாதிப் பேர் செய்வதில்லை.

சோப்புக் கம்பெனியிலிருந்து சாஃப்ட்வேருக்கு இந்தப் பழக்கத்தைக் கொண்டுவந்தவர்களில் ஸ்காட் குக் முக்கியமானவர். ப்ராக்டர் அண்ட் கேம்பிளில் வேலை பார்த்துவிட்டு 1983-ல் இன்ட்யூட் கம்பெனியைத் தொடங்கினார். கடையில் சாஃப்ட்வேர் வாங்கியவரிடம் அனுமதி கேட்டு, அவர் வீட்டுக்கே போய், எங்கே தடுமாறுகிறார் என்று பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பது அவர்கள் வழக்கம். மைக்ரோசாஃப்டில் மெக்கின்டாஷுக்கான எக்செல் தயாரான காலத்தில் 'ப்ரோக்ராம் மேனேஜர்' என்ற பதவி உருவானது. ஜேப் புளூமென்டால் அதில் முதல் ஆள்.

ப்ராஜெக்ட் மேனேஜர், பிசினஸ் அனலிஸ்ட், ப்ராடக்ட் ஓனர்... எல்லாம் ஒன்றுதானே?

இல்லை. ஆனால் நம் ஊரில் குழப்பம் வருவதற்குக் காரணம் இருக்கிறது. நம்மில் பெரும்பாலோர் சர்வீஸ் கம்பெனிகளில் வளர்ந்தவர்கள். அங்கே என்ன செய்ய வேண்டும் என்பதை கிளையன்ட் முடிவு செய்துவிடுவார். அதைத் தெளிவாக எழுதிக்கொள்பவர் பிசினஸ் அனலிஸ்ட், தேதிக்குள் முடிக்க வைப்பவர் ப்ராஜெக்ட் மேனேஜர். என்ன செய்ய வேண்டும் என்ற கேள்வியே கம்பெனிக்குள் திறந்து கிடப்பது ப்ராடக்ட் கம்பெனியில்தான். ப்ராடக்ட் ஓனர் என்பது, சின்னச் சின்னச் சுற்றுகளாக சாஃப்ட்வேர் செய்யும் ஸ்க்ரம் முறையில் வரும் ஒரு பொறுப்பின் பெயர். அதை பிஎம்மே பார்க்கலாம்.

விசிட்டிங் கார்டில் என்ன இருக்கிறது என்பதை விடுங்கள். 'வேண்டாம்' என்று சொல்லும் உரிமை யாருக்கு இருக்கிறதோ அவர்தான் பிஎம்.

முதல் பிஎம்மை எப்போது எடுக்க வேண்டும்?

டெவலப்பர்கள் ஒரு சின்னச் சந்தேகத்துக்கு நிறுவனரின் பதிலுக்காக இரண்டு நாள் காத்திருக்கத் தொடங்கும்போது. ஏழெட்டு டெவலப்பர்கள் சேர்ந்ததும் இது பெரும்பாலும் வந்துவிடும். அதுவரை நிறுவனர்தான் பிஎம்.

ஒரு எச்சரிக்கை. வாடிக்கையாளர்களின் போன் கால்களிலிருந்து தப்பிக்க பிஎம் எடுக்கும் நிறுவனர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் எடுத்த பிஎம்கள் நிலைத்ததில்லை. நிறுவனருக்கே வாடிக்கையாளர் யார் என்று மறந்துபோன இடத்தில், யாரோ ஒருவர் வந்து நினைவூட்டினால் அவருக்குக் கோபம்தான் வரும்.

வெளியிலிருந்து எடுப்பதா, உள்ளே இருப்பவரை மாற்றுவதா?

முதல் இரண்டு பிஎம்களை உள்ளேயிருந்து எடுங்கள். சப்போர்ட், ப்ரீசேல்ஸ் (விற்பதற்கு முன் செய்துகாட்டுபவர்கள்), இம்ப்ளிமென்டேஷன் (விற்றபின் அமைத்துக் கொடுப்பவர்கள்) டீம்களில் தேடுங்கள். இவர்கள் வாடிக்கையாளர் திட்டு வாங்கியவர்கள். அந்தப் படிப்பை எந்தக் கோர்ஸும் தராது.

இதற்கு சென்னையிலேயே எல்லோரும் அறிந்த உதாரணம் இருக்கிறது. கிரிஷ் மாத்ருபூதம், அட்வென்ட்நெட் என்று முன்பு பெயர் கொண்டிருந்த ஜோஹோவில் ப்ரீசேல்ஸில் சேர்ந்தவர். அங்கேயே ப்ராடக்ட் மேனேஜ்மென்ட் துணைத் தலைவர் வரை உயர்ந்தார். 2010-ல் வெளியே வந்து தொடங்கிய கம்பெனிதான் இன்றைய ஃப்ரெஷ்வொர்க்ஸ். 2021 செப்டம்பரில் அது அமெரிக்கப் பங்குச் சந்தையான நாஸ்டாக்கில் பட்டியலானது.

என் அனுபவத்திலும் ஒன்று சொல்கிறேன். நான் முன்பு இருந்த கம்பெனியில் அமெரிக்கப் பல் மருத்துவமனைகளுக்கு பில்லிங் சாஃப்ட்வேர் விற்றோம். மாதக் கடைசியில் "எக்ஸ்போர்ட் ஆகமாட்டேன் என்கிறது" என்று டிக்கெட் (சப்போர்ட்டுக்கு வரும் புகார்) குவியும். எல்லோரும் சரிசெய்து மூடிவிடுவோம். தேனிப் பக்கத்திலிருந்து வந்த ஒரு சப்போர்ட் பெண் மட்டும், "எதுக்கு மாசக் கடைசியில எல்லாரும் எக்ஸ்போர்ட் பண்றாங்க?" என்று கேட்டார். கேட்டதோடு விடாமல் நான்கு மருத்துவமனைகளுக்குப் போன் போட்டார். வரவேற்பில் இருப்பவர், பணம் பாக்கி வைத்தவர்களின் வரிசையை எக்செல்லில் சிவப்பு அடித்து டாக்டரிடம் காட்டுவதற்காகவே எக்ஸ்போர்ட் செய்கிறார் என்று தெரிந்தது. அவர்களுக்குத் தேவைப்பட்டது வேகமான எக்ஸ்போர்ட் அல்ல, ஒரு பாக்கிப் பட்டியல். ஒரு வாரத்தில் செய்து கொடுத்தோம். அடுத்த மாதக் கடைசியில் டிக்கெட் வரிசை காலியாகக் கிடந்தது. அவரை பிஎம் ஆக்க இன்டர்வியூவே நடத்தவில்லை.

மூன்றாவது, நான்காவது ஆளை வெளியிலிருந்து எடுக்கலாம். உள்ளே மட்டுமே எடுத்துக்கொண்டிருந்தால் கம்பெனியின் பழைய நம்பிக்கைகளைக் கேள்வி கேட்க ஆள் இருக்காது.

எம்பிஏ வேண்டுமா? கோடிங் தெரிய வேண்டுமா?

எம்பிஏ கட்டாயமில்லை. கோடிங்கைப் பொறுத்தவரை, டெவலப்பர் "இது மூன்று வாரம் ஆகும்" என்றால் "எந்தப் பகுதி அவ்வளவு நேரம் எடுக்கும்?" என்று கேட்டு, வரும் பதிலைப் புரிந்துகொள்ளும் அளவுக்குத் தெரிந்தால் போதும். டெவலப்பர் கருவிகள் விற்கும் கம்பெனியாக இருந்தால் கூடுதலாகத் தெரிய வேண்டும், ஏனென்றால் அங்கே வாடிக்கையாளரே டெவலப்பர்.

பட்டம் பற்றிய கேள்விக்கும் இதே ஊரில் பதில் இருக்கிறது. ஜோஹோ 2005-லிருந்து பள்ளிப்படிப்பும் டிப்ளமோவும் முடித்தவர்களுக்கு உதவித்தொகை கொடுத்துத் தானே பயிற்சி தந்து வேலைக்கு எடுக்கிறது. பயிற்சி கொடுக்கப் பொறுமை இருக்கும் கம்பெனிக்குப் பட்டம் பெரிய விஷயமில்லை. பொறுமை இல்லாத கம்பெனிதான் பட்டத்தை வடிகட்டியாக வைத்துக்கொள்கிறது.

இன்டர்வியூவில் என்ன கேட்பது?

முதலில் கேட்கக் கூடாதது. "சென்னையில் எத்தனை டீக்கடை இருக்கும்?" வகைக் கேள்விகள். ஒரு காலத்தில் கூகுள் இதற்குப் பேர் போனது. அங்கே மனிதவளத் தலைவராக இருந்த லாஸ்லோ பாக், இந்தப் புதிர்களால் எந்தப் பயனும் இல்லை, சுத்த நேர விரயம் என்று 2013-ல் வெளிப்படையாகவே சொல்லிவிட்டார். நாம் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறோம். கேட்பவருக்குத் தான் புத்திசாலி என்று தோன்றும். அதுதான் இதிலிருக்கும் சுகம்.

நான் கேட்பது ஒன்றுதான்: "நீங்கள் எடுத்த ஒரு முடிவைச் சொல்லுங்கள்." அவர் சொல்வார். முடித்ததும் "அப்புறம்?" என்பேன். பாட்டி கதை சொல்லும்போது குழந்தை கேட்குமே, அந்த அப்புறம். ஃபீச்சரை, அதாவது சாஃப்ட்வேரில் ஒரு புது வசதியை, வெளியிட்டோம் என்பார். அப்புறம்? எல்லோரும் பாராட்டினார்கள் என்பார். அப்புறம்? இங்கேதான் ஆட்கள் பிரிவார்கள். ஒருவகையினர் அடுத்த ஃபீச்சருக்குத் தாவிவிடுவார்கள். இன்னொரு வகையினர் கொஞ்சம் யோசித்து, "மூன்று மாதம் கழித்துப் பார்த்தால் பழைய வாடிக்கையாளர்கள் யாருமே அதைத் தொடவில்லை. ஏன் என்று பார்த்தோம்..." என்று ஆரம்பிப்பார்கள். நான்காவது அப்புறத்துக்கும் பதில் இருந்தால் அந்த மனிதர் தன் முடிவோடு குடியிருந்தவர். இதைப் பொய்யாகச் சொல்வது கஷ்டம். முதல் இரண்டு அப்புறத்துக்கு யாரும் தயாரித்துக்கொண்டு வரலாம், நான்காவதுக்கு அனுபவம் வேண்டும்.

இதே வரிசையில் "நீங்கள் வேண்டாம் என்று சொன்ன ஒரு ஃபீச்சர்?" என்றும் கேட்பேன். வேண்டாம் என்று சொன்னபோது எதிரே யார் இருந்தார், அவர் முகம் எப்படிப் போனது, அடுத்த வாரம் அவரோடு பேச்சுவார்த்தை எப்படி இருந்தது என்பதுவரை போவேன்.

கேள்விகளைவிட முக்கியமான இன்னொன்று: எல்லா விண்ணப்பதாரரிடமும் அதே கேள்விகளைக் கேளுங்கள். இன்டர்வியூ எடுத்த ஒவ்வொருவரும் மற்றவர்களோடு பேசுவதற்கு முன்பே தன் கருத்தை எழுதிவிட வேண்டும். இல்லையென்றால் அறையில் மூத்தவர் "பையன் நல்லா இருக்கான்ல?" என்றதும் மற்ற மூவரும் தலையாட்டுவார்கள். அமேசானில் 1999-லிருந்து 'பார் ரெய்சர்' என்று ஒரு ஏற்பாடு இருக்கிறது. அந்த டீமுக்குச் சம்பந்தமில்லாத ஒருவர் இன்டர்வியூ குழுவில் உட்காருவார், அவர் வேண்டாம் என்றால் வேண்டாம்தான். இடத்தை நிரப்ப வேண்டிய அவசரம் அவருக்கு இல்லை என்பதுதான் இதன் சூட்சுமம். நாற்பது பேர் கம்பெனியிலும் இதைச் செய்யலாம். நான் சப்போர்ட் தலைவரை உட்கார வைப்பேன்.

அசைன்மென்ட் கொடுக்கலாமா?

வீட்டுக்குக் கொடுத்தனுப்பும் மூன்று நாள் அசைன்மென்ட் வேண்டாம். குழந்தையுள்ள பெண்களும், இரவு ஷிப்டில் இருப்பவர்களும் அதிலேயே கழன்றுவிடுவார்கள். அதோடு உங்கள் ப்ராடக்டுக்கு ஐடியா கேட்டு அசைன்மென்ட் கொடுத்தால், இலவசமாக வேலை வாங்குகிறீர்கள் என்று வெளியே பேச்சு வரும். பேசுவதில் தப்பும் இல்லை.

நான் செய்வது: வாடிக்கையாளர் பெயரை அழித்துவிட்டுப் பத்து பழைய சப்போர்ட் டிக்கெட்டுகளைக் கொடுத்து அரை மணி நேரம் படிக்கச் சொல்வேன். பிறகு இரண்டு கேள்வி. "இதில் என்ன கவனித்தீர்கள்? இன்னும் என்ன தெரிந்தால் முடிவெடுப்பீர்கள்?" உடனே பத்துக்குப் பத்து தீர்வு சொல்பவரைவிட, "இந்த மூன்றும் ஒரே ஆளுடைய பிரச்சினை மாதிரி இருக்கே?" என்பவரை எனக்குப் பிடிக்கும். பிறகு ஒரு பக்கம் எழுதச் சொல்வேன். எழுத்தில் ஒளிய முடியாது.

ஆங்கிலம் சரளமாக வராதவரை எடுக்கலாமா? வாடிக்கையாளர்கள் அமெரிக்காவில் இருக்கிறார்களே?

சரளம் வேறு, தெளிவு வேறு. இதில் நாம் நிறைய நல்ல ஆட்களை இழந்திருக்கிறோம். விருதுநகரிலிருந்தோ ஈரோட்டிலிருந்தோ தமிழ் மீடியத்தில் படித்து வந்த பையன் முதல் பத்து நிமிடம் இலக்கணத்தோடு மல்லுக்கட்டுவான். அதற்குள் நாம் மனதுக்குள் மதிப்பெண் போட்டு முடித்துவிடுகிறோம். எதிரே கான்வென்ட் உச்சரிப்பில் வெறும் காற்றை விற்பவருக்கு அரை மணி நேரம் கொடுக்கிறோம்.

அதனால் இன்டர்வியூவில் ஒரு சுற்றைத் தமிழில் நடத்துவேன். "தமிழ்லயே சொல்லுங்க" என்றதும் சிலர் தோளே இறங்குவதைப் பார்க்கலாம். யோசனையின் தரம் அப்போது தெரியும். எழுத்து ஆங்கிலம் தெளிவாக இருக்கிறதா என்று தனியாகப் பார்ப்பேன், அது கட்டாயம். பேச்சு ஆங்கிலம் ஆறு மாதம் தினமும் வாடிக்கையாளர்களோடு போன் காலில் பேசினால் வந்துவிடும். யோசிக்கத் தெரியாதவருக்கு ஆறு மாதத்தில் அது வராது. ஆனால் பேசவே கூச்சப்பட்டு போன் காலைத் தவிர்ப்பவர் என்றால் எடுக்காதீர்கள், அது மொழிப் பிரச்சினை இல்லை.

பெரிய கம்பெனியிலிருந்து ஒரு ஸ்டார் பிஎம் வருகிறார். எடுக்கலாமா?

ஒருமுறை எடுத்துக் கையைச் சுட்டுக்கொண்டேன். அருமையாகப் பேசுவார், அவர் போட்ட ரோட்மேப்பை ஃப்ரேம் போட்டு மாட்டலாம். எட்டு மாதத்தில் ஒரு வாடிக்கையாளரிடமும் அவர் பேசவில்லை. தப்பு என்னுடையது. அவர் பழைய இடத்தில் டேட்டாவுக்கு ஒரு டீம், ஆய்வுக்கு ஒரு டீம், பரிசோதனைக்கு லட்சக்கணக்கில் பயனர்கள். எங்களிடம் இருந்தது 400 வாடிக்கையாளர்களும் ஒரு எக்செல் ஷீட்டும். வராத டேட்டாவுக்காக அவர் காத்திருந்தார். இப்போதெல்லாம் "அந்த வேலையில் உங்கள் கையால் செய்தது எது, வேறு டீம் செய்து கொடுத்தது எது?" என்று நேரடியாகக் கேட்டுவிடுகிறேன்.

இன்னொரு சின்ன விஷயம். ஆஃபர் கொடுத்த பிறகு மூன்று மாத நோட்டீஸ் பீரியட் வரும். அந்த இடைவெளியில் ஆள் வேறு ஆஃபர் வாங்கிக்கொண்டு போய்விடுவது நம் ஊரில் சகஜம். பதினைந்து நாளுக்கு ஒருமுறை கூப்பிட்டுப் பேசுங்கள், ஒரு டீயாவது வாங்கிக் கொடுங்கள்.

சேர்ந்தவரை முதல் மூன்று மாதம் என்ன செய்ய வைப்பது?

முதல் மாதம் சப்போர்ட்டில் உட்காரட்டும், டிக்கெட்டுக்கு அவரே பதில் எழுதட்டும். இரண்டாவது மாதம் வாடிக்கையாளர்களோடு இருபது போன் கால்கள். முதல் பத்தில் கேட்டுக்கொண்டு மட்டும் இருக்கட்டும். மூன்றாவது மாதம் சின்னதாக, ஆனால் முழுசாக ஒரு வேலை. பிரச்சினையைக் கண்டுபிடிப்பதிலிருந்து, வெளியிட்டு, யார் பயன்படுத்தினார்கள் என்று எண்ணுவது வரை அவருடையது.

சரி, அதற்கப்புறம் எப்படி வளர்ப்பது? பயிற்சி வகுப்பு, சர்டிபிகேட் உதவுமா?

வார்த்தைகள் கற்றுக்கொள்ள உதவும். பிஎம்மிடம் நாம் எதிர்பார்ப்பது தீர்ப்புச் சொல்லும் பக்குவம். அது சமையலில் கைப்பக்குவம் மாதிரி. போட்ட உப்பைத் தானே சாப்பிட்டுப் பார்த்தால்தான் வரும். முடிவெடுத்தவர் அந்த முடிவின் விளைவைப் பார்க்கும் வரை அங்கே இருக்க வேண்டும். பிஎம் வளர்ப்பில் மற்ற எல்லாம் இதற்குப் பின்னால்தான்.

இதற்காக என் டீமில் முடிவு நோட்டு என்று ஒன்று வைத்திருக்கிறோம். ஒவ்வொரு பெரிய முடிவுக்கும் நான்கு வரி: என்ன முடிவு, ஏன், எதை எதிர்பார்க்கிறோம், எந்தத் தேதியில் திரும்பிப் பார்ப்போம். அந்தத் தேதி வந்ததும் டீ குடித்துக்கொண்டே வாசிப்போம். சிரிப்பும் வரும், வயிற்றெரிச்சலும் வரும். "இந்த ஃபீச்சரை 60 சதவீதம் பேர் பயன்படுத்துவார்கள்" என்று நானே எழுதியிருந்த பக்கம் ஒன்று இருக்கிறது. வந்தது நான்கு. புதிதாகச் சேர்பவர்களுக்கு முதலில் அந்தப் பக்கத்தைத்தான் காட்டுகிறேன். மேனேஜரே இவ்வளவு சறுக்கியிருக்கிறார் என்று தெரிந்தால்தான் அவர்கள் தங்கள் கணிப்பை உண்மையாக எழுதுவார்கள்.

இரண்டாவது, எழுத வையுங்கள். அமேசானில் ஜெஃப் பெஸோஸ் 2004-ல் தன் மூத்த குழுவின் மீட்டிங்குகளில் பவர்பாயின்ட்டை நிறுத்திவிட்டு, முழு வாக்கியங்களில் எழுதிய குறிப்பைக் கொண்டுவரச் சொன்னார். எல்லோரும் முதலில் அமைதியாக உட்கார்ந்து படிப்பார்கள், பிறகுதான் பேச்சு. புதிய ப்ராடக்ட் என்றால் அது வெளியாகும் நாளில் தரப்போகும் பத்திரிகைச் செய்தியை முதலிலேயே எழுதிப் பார்ப்பதும் அங்கே வழக்கம். இரண்டாவதை நான் அப்படியே எடுத்துக்கொண்டேன். ஒரு பிஎம் மூன்று முறை எழுதியும் அந்தச் செய்தியில் சுவாரசியம் வரவில்லை என்றால், குறை பெரும்பாலும் எழுத்தில் இருக்காது.

மூன்றாவது, வாரம் ஒருமுறை தனியாகப் பேசும்போது நிலவரம் கேட்காதீர்கள். அது தினசரி ஸ்டேண்ட்-அப் மீட்டிங்கில் வந்துவிடும். "இந்த வாரம் வாடிக்கையாளரிடம் கேட்டதில் உங்களை ஆச்சரியப்படுத்தியது எது?" என்று கேளுங்கள். இரண்டு வாரம் தொடர்ந்து பதில் இல்லையென்றால் அவர் யாரிடமும் பேசவில்லை என்று அர்த்தம்.

அப்புறம், பதிலை நீங்கள் சொல்லிவிடாதீர்கள். எனக்கு இன்னும் வராத வித்தை இது.

கூகுள் மாதிரி பல டீம்களில் சுழற்றிப் பழக்கலாமா?

கூகுளில் மரிசா மேயர் 2002-ல் தொடங்கிய அசோசியேட் ப்ராடக்ட் மேனேஜர் திட்டத்தில் இரண்டு வருடத்தில் இரண்டு டீம்களில் வேலை பார்க்க வைப்பார்கள். ஃபேஸ்புக்கில் பதினெட்டு மாதத்தில் மூன்று சுற்று என்று இருந்தது. கூகுள் திட்டத்தின் ஆரம்பகால ஆட்களில் ஒருவரான பிரெட் டெய்லர் கூகுள் மேப்ஸில் பங்காற்றி, பிறகு சேல்ஸ்ஃபோர்ஸின் இணை சிஇஓ ஆனார். ஆக, பலன் இல்லாத திட்டம் என்று சொல்லமுடியாது.

ஆனால் அங்கே ஒரு ஃபீச்சர் வெளியான மறுநாளே கோடிக்கணக்கான பேர் தொட்டுவிடுவார்கள், விளைவு சீக்கிரம் தெரியும். நம் மாதிரி கம்பெனியில் ஒரு முடிவின் பலன் தெரியவே எட்டு மாதம் ஆகும். ஆறு மாதத்தில் சுழற்றினால் விதைத்தவர் ஒருவர், அறுத்தவர் ஒருவர் ஆகிவிடும். இரண்டு வருடமாவது ஒரே இடத்தில் விடுங்கள்.

எங்கள் பிஎம் சேல்ஸ் கேட்பதற்கெல்லாம் சரி சொல்கிறார். என்ன செய்வது?

பெரும்பாலும் பயம்தான் காரணம். வேண்டாம் என்று சொன்ன ஒருமுறை மேலிடம் அவரைத் தாங்கிப் பிடித்ததா என்று யோசித்துப் பாருங்கள். சேல்ஸ் தலைவர் நேராக நிறுவனரிடம் போய் காரியம் சாதித்துக்கொண்டு வந்தால், அடுத்த முறை எந்த பிஎம்மும் வாயைத் திறக்கமாட்டார்.

பிஎம்மின் வேலையை அப்ரைசலில் எப்படி மதிப்பிடுவது?

எத்தனை ஃபீச்சர் வெளியிட்டார் என்று எண்ணாதீர்கள். எண்ணினால் ஃபீச்சர்தான் வரும். நான் பார்ப்பது மூன்று: முடிவு நோட்டில் அவர் காரணங்கள் வருடத் தொடக்கத்தைவிட இப்போது கூர்மையாக இருக்கின்றனவா; வெளியிட்டதை வாடிக்கையாளர்கள் பயன்படுத்துகிறார்களா; அடுத்த வேலையும் இவரோடுதான் வேண்டும் என்று டெவலப்பர்கள் கேட்கிறார்களா. மூன்றாவது என்னை ஏமாற்றியதே இல்லை.

வருமானத்தை நேரடியாக பிஎம் தலையில் கட்டாதீர்கள். டாலர் மதிப்பு, சேல்ஸ் டீம், போட்டியாளரின் விலைக்குறைப்பு என்று அவர் கையில் இல்லாத நூறு விஷயம் அதில் கலந்திருக்கும்.

ஒருவருக்கு இந்த வேலை சரிப்படவில்லை என்றால்?

சீக்கிரம் சொல்லுங்கள். உள்ளிருந்து வந்தவராக இருந்தால், பழைய டீமுக்கு மரியாதையோடு திரும்பும் வழி முதல் நாளிலிருந்தே இருக்க வேண்டும். சம்பளமும் பதவியும் குறையாமல். நல்ல சப்போர்ட் லீடை மோசமான பிஎம் ஆக்கிக் கடைசியில் இருவரையும் இழந்த கதை நிறைய.

ஏர்பிஎன்பி பிஎம் வேலையையே எடுத்துவிட்டதாமே? ஏஐ வந்த பிறகு இதெல்லாம் தேவையா?

2023-ல் டிசைன் சாஃப்ட்வேர் கம்பெனியான ஃபிக்மாவின் மாநாட்டில், தங்க வீடு வாடகைக்குப் பிடித்துத் தரும் ஏர்பிஎன்பியின் சிஇஓ பிரையன் செஸ்கி, பழைய வடிவத்திலான ப்ராடக்ட் மேனேஜ்மென்டை விட்டுவிட்டோம் என்றதும் அரங்கில் இருந்த டிசைனர்கள் கைதட்டினார்கள். அந்தக் கைதட்டலை பிஎம்கள் யோசிக்க வேண்டும். அவர்கள் உண்மையில் செய்தது, அந்த வேலையை ப்ராடக்ட் மார்க்கெட்டிங்கோடு சேர்த்தது. முடிவெடுக்கும் வேலை எங்கேயும் போகவில்லை.

ஏஐ விஷயத்தில் நான் பார்ப்பதைச் சொல்கிறேன். டாக்குமென்ட் எழுத, நூறு டிக்கெட்டைச் சுருக்கித் தர, மாதிரித் திரை செய்துகாட்ட இப்போது நேரமே ஆவதில்லை. அதனால் டாக்குமென்ட் எழுதுவதையே வேலையாக வைத்திருந்த பிஎம்களுக்குக் கஷ்டம்தான். இன்டர்வியூவுக்கும் இது பாடம். வீட்டில் எழுதி வந்த அழகான பக்கத்தை நம்ப முடியாது. பத்து டிக்கெட்டை எதிரே உட்கார்ந்து படிக்க வைப்பதை இன்னும் விடாமல் செய்வதற்கு அதுவும் காரணம்.

நான் டெவலப்பர். பிஎம் ஆக வேண்டும். எங்கே தொடங்குவது?

இருக்கிற கம்பெனியிலேயே தொடங்குங்கள். வெளியே 'அனுபவமுள்ள பிஎம்' கேட்பார்கள், அந்த அனுபவம் உள்ளேதான் கிடைக்கும். நீங்கள் கடைசியாக எழுதிய ஃபீச்சரை எத்தனை பேர் பயன்படுத்துகிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். யாரும் பயன்படுத்தவில்லை என்றால் சப்போர்ட் லீடிடம் போய், வாரம் இரண்டு மணி நேரம் வாடிக்கையாளர்களின் போன் கால்களைக் கூட உட்கார்ந்து கேட்க அனுமதி கேளுங்கள். மறுக்கமாட்டார், சப்போர்ட் பக்கம் தானாக வரும் டெவலப்பரை அவர்கள் அபூர்வமாகத்தான் பார்ப்பார்கள். கேட்டதை ஒரு பக்கத்தில் எழுதி உங்கள் பிஎம்முக்கு அனுப்புங்கள். தீர்வு எழுதாதீர்கள், பார்த்ததை மட்டும் எழுதுங்கள். இப்படி ஆறு பக்கம் சேர்ந்த பிறகு, பிஎம் ஆக ஆசை என்று உங்கள் மேனேஜரிடம் சொல்லுங்கள். அதற்குள் உங்கள் பிஎம்மே அவரிடம் சொல்லியிருக்கவும் கூடும்.